குண்டூசி குத்திய பக்கங்கள்

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். நூலகத்தில் தமிழ்ப் புத்தக அலமாரி கழிப்பறைக்குப் போகும் வழியில், ஜன்னல் இல்லாத சுவரோரமாக இருக்கிறது. தோளில் பையும் கழுத்தில் அளவு நாடாவுமாக அங்கே நின்றபடியே நாவலைப் பின்பக்கமாகத் திறப்பாள். ஊரை விட்டுக் கிளம்பினவர்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தார்களா, தங்குவதற்குக் கதவைப் பூட்டிக்கொள்கிற மாதிரி ஓர் அறை கிடைத்ததா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியவேண்டும். கிடைத்திருந்தால் புத்தகம் பைக்குள் போகும். இல்லையென்றால் எழுதியவரைத் திட்டிக்கொண்டே திரும்ப வைப்பாள்.

"ஏன்யா, அவ்வளவு தூரம் நடக்கவிட்டுட்டு கடைசியில ஒரு ரூமு குடுக்க உனக்கு மனசு வரலையா? உங்கப்பன் வீட்டு ரூமா? பேப்பர்ல எழுதுற ரூமுதானே!"

கடையில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். எனக்கு அவள் ஓரகத்தியின் அக்கா. அதாவது என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி பெண்டாட்டி இருக்கிறாளே, அவளோடு கூடப் பிறந்தவள். அந்த முறையில் என்னை அக்கா என்கிறாள். அவளுடைய அப்பா வழியில் பார்த்தால் நான் அவளுக்குச் சித்தி ஆகவேண்டும். ஆனால் அந்த வழியில் ஒரு கல்யாணச் சண்டை இருப்பதால் அதை யாரும் கிளறுவதில்லை.

நாங்கள் வேலை செய்வது துணி திருத்தும் கடையில். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி போடுவது. முன்பக்கம் கண்ணாடிக் கதவும் வாடிக்கையாளர் நிற்கும் மேசையும். திரைக்குப் பின்னால் மெஷின்கள், நீராவி இஸ்திரிப் பெட்டி, நாங்கள். கண் மங்கிவிட்ட எனக்குப் பொத்தான் தைக்கிற வேலை. குண்டூசிதான் அளவெடுத்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஊசி குத்தித் தருகிறவள். இடது மணிக்கட்டில் ஊசி குத்தும் சின்ன மெத்தையைக் கட்டியிருப்பாள். மனசுக்குப் பிடிக்காத கேள்வியை முதலாளி கேட்டால், அந்த மெத்தையிலிருந்து நாலைந்து ஊசியை எடுத்து உதட்டில் கடித்துக்கொள்வாள். வாயில் ஊசி வைத்திருப்பவளிடம் பதில் சொல் என்று யார் வற்புறுத்த முடியும்? முதலாளியே "சரி சரி, பாத்து" என்று நகர்ந்துவிடுவார்.

மதியத்துக்கு மேல் முதலாளி இன்னொரு கடையைப் பார்க்கப் போவார். அப்போது கைவேலையை வைத்துக்கொண்டு நாங்கள் நீள மேசையைச் சுற்றி உட்காருவோம். குண்டூசி நாவலை எடுப்பாள். சத்தம் போட்டுப் படிப்பாள். குரல் நல்ல குரல். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவள் மடித்துத் தைக்கவேண்டிய கால்சட்டைகள் எல்லாம் எங்கள் மடியில் வந்து விழும். "கேட்டுக்கிட்டே தைங்க, கை வலிக்காது" என்பாள். எனக்கு வலிக்கும்.

அவள் எடுப்பதெல்லாம் ஒரே மாதிரிக் கதைதான். ஊரில் கலவரம், அல்லது பஞ்சம், அல்லது சண்டை, ஒரு குடும்பம் கிளம்பும், எல்லையில் நிற்கும், வேறு பாஷை பேசுகிற ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டும். நானும் எத்தனையோ கேட்டுவிட்டேன். எனக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. இந்த நாவல்களில் வருகிறவர்களுக்குச் சொந்தமே கிடையாது. ஒரு மனுஷன் கப்பலிலிருந்து இறங்குகிறான். அவனுக்கு அந்த ஊரில் ஒரு ஒன்றுவிட்ட அத்தை மகன் கூட இல்லையாம். நம்புகிற கதையா? எங்களில் யார் அப்படி வந்தோம்? கொழுந்தனார் கூப்பிட்டு ஓரகத்தி வந்தாள், அவள் கூப்பிட்டு இவள் வந்தாள், இவள் மச்சினர் வந்தார், வந்தவர் இன்றைக்கு வரைக்கும் யார் வீட்டிலாவது சோபாவில் படுத்திருக்கிறார். இதைச் சொன்னால் குண்டூசி சிரிப்பாள்.

"சொந்தக்காரன் வந்துட்டா கதை முடிஞ்சிரும்க்கா. அப்புறம் சண்டைதான். அதை யாரு படிப்பா?"

அதுகூடப் போகட்டும். ஆளை எரிச்சல்படுத்துவது அவளுடைய ஊசி வேலை. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்துவிடுவாள். அடி, உதை, சாவு, காறித் துப்புதல், "உங்களுக்கெல்லாம் வீடு கிடையாது" என்று கதவைச் சாத்துதல், இவையெல்லாம் வருகிற பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசியால் குத்திவிடுவாள். துணி மடிப்பைக் குத்துகிற அதே நேர்த்தி. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கடையில் படிக்கும்போது அந்த இடம் வந்ததும் மூச்சு விடாமல் தாண்டிவிட்டு அடுத்த பக்கத்தில் இறங்குவாள். நடுவில் போனதை ஒரு வரியில் பூசி மெழுகுவாள்.

காஜாக்காரி விடமாட்டாள். பொத்தான் ஓட்டை போடும் மெஷின் அவளுடையது. வாயும் அந்த மெஷின் மாதிரியே. போன மாதம் ஒரு லாரிக் கதை ஓடியது. காய்கறிப் பெட்டிகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு எல்லையைத் தாண்டுகிறவர்களின் கதை.

"நில்லுக்கா, நில்லு. போன பக்கத்துல லாரியில ஏறினது நாலு பேரு. இப்ப டீ குடிக்கிறது மூணு பேரு. நாலாவது ஆளு எங்க?"

"அவரு வேலைக்குப் போயிருக்காரு."

"லாரியை விட்டு எறங்கவே இல்ல, அதுக்குள்ள வேலையா?"

"சுறுசுறுப்பான ஆளு."

"அப்ப அவரு பொண்டாட்டி எதுக்கு அழுவுறா?"

"சந்தோஷம்டி. வேலை கெடைச்சா அழமாட்டாளா?"

காஜாக்காரி என்னைப் பார்த்தாள். நான் பொத்தானைப் பார்த்தேன். அந்த நாலாவது ஆள் கதை முடியும் வரைக்கும் வேலையிலிருந்து வீடு திரும்பவே இல்லை.

நூலகத்து அம்மா ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார். வேறு யாரோ வாங்கிப்போன புத்தகத்தில் இவள் மறந்துவிட்ட ஊசி விரலில் ஏறிவிட்டதாம். குண்டூசி மன்னிப்புக் கேட்டாள் என்று நினைக்கிறீர்களா? "அந்தப் பக்கத்தைப் பிரிச்சா ஊசி குத்தும்னு இப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரிக்காம இருந்தா குத்தாதுல்ல" என்று எங்களிடம் தமிழில் சொன்னாள். அந்த அம்மாவிடம் இந்த ஊர் பாஷையில் வேறென்னவோ பணிவாகச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். இரண்டு பாஷை தெரிந்தவளுக்கு இரண்டு வாய்.

தான் வந்த கதையையும் அவள் இப்படித்தான் சொல்லுவாள். "பஸ்ல ஏறினோம், எறங்கினோம், வந்துட்டோம்." நடுவில் ஒரு கடல் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஓரகத்தி சொல்லியிருக்கிறாள். கிளம்பும்போது இவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றும் சொல்லியிருக்கிறாள். இப்போது இருப்பவன் ஒரே மகன். வேறு ஊரில் வேலை பார்க்கிறான். அதைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டால் மணிக்கட்டுக்குக் கை போய்விடும்.

இந்தப் பழக்கம் புத்தகத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

குளிர் தொடங்கின சமயத்தில் கடைக்குப் புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். சின்ன வயசு. புருஷன் இறந்துபோய், ஆறு வயசுப் பெண் குழந்தையோடு நாடு விட்டு வந்தவள். புருஷனுடைய சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள். வீடு என்றால் அறை அல்ல. வாசலை ஒட்டிய நடையில், செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய். சித்தப்பாவின் மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தை சத்தம் போடக்கூடாதாம். பாவம், அது கடைக்கு வந்தாலும் கிசுகிசுவென்றுதான் பேசும். "பெரியம்மா, பொத்தான் ஒண்ணு கீழ விழுந்திருக்கு" என்பதைக்கூட ரகசியம் மாதிரி என் காதில் வந்து சொல்லும். அம்மாவும் மகளும் தேடினது ஒன்றே ஒன்று: உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற ஓர் அறை.

புதியவளுக்கு இந்த ஊர் பாஷை வரவில்லை. கைத்தையல் மட்டும் எங்கள் எல்லோரையும் விட நன்றாக வரும். வாடிக்கையாளர் பேசுவதை அவளுக்குத் தமிழில் சொல்லுகிற வேலையைக் குண்டூசி எடுத்துக்கொண்டாள். அங்கேதான் வினை.

எங்களிடம் நெடுநாளாக வருகிற ஓர் அம்மாள் இருக்கிறார். இரண்டு தெரு தள்ளி மாடி வீடு. கோட்டுகளாகவே கொண்டுவருவார், கோட்டு அம்மா என்போம். ஒரு நாள் உள்துணி மாற்றின கோட்டை வாங்கியவர், அதை முகத்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். கையை, காலரை, அக்குளை. பிறகு திரைக்கு இந்தப் பக்கம் நின்ற புதியவளைச் சுட்டிக்காட்டி நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷை அரைகுறைதான், ஆனாலும் விளங்கிவிட்டது. 'அவள் கை என் துணியில் படக்கூடாது. ஒருத்தியை வைத்தீர்கள், இப்போது வந்துகொண்டே இருக்கிறீர்கள்' என்கிறார்.

"என்னக்கா சொல்றாங்க?" என்று புதியவள் கேட்டாள்.

குண்டூசி கண்ணிமைக்கவில்லை. "தையல் ரொம்ப நேர்த்தியா இருக்காம். யாரு தைச்சதுன்னு கேக்குறாங்க."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கணுமே! நாடு விட்டு வந்ததிலிருந்து யாரும் அவளைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை போலிருக்கிறது. ஓடிவந்து, தெரிந்த ஒரே சொல்லை, நன்றி என்பதை, இந்த ஊர் பாஷையில் சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். கோட்டு அம்மா திகைத்துப்போய் ஓர் அடி பின்னால் போனார்.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா? புஸ்தகத்துல செஞ்ச வேலையை மனுஷிகிட்டயும் செய்வியா?"

"அவளுக்குத் தெரிஞ்சு என்னக்கா ஆகப்போவுது? அந்தம்மாவ மாத்திடுவாளா? இன்னிக்கு ஒரு நாளு சிரிச்சுட்டுப் போவட்டும்."

"நாளைக்கு அந்த அம்மா வந்து இன்னொண்ணு சொன்னா?"

"அதையும் மாத்திச் சொல்லுவேன்."

சொன்னாள். கோட்டு அம்மா வரும்போதெல்லாம் புதியவள் தையலை விட்டுவிட்டு ஓடுவாள். கோட்டை எடுத்துக் கொக்கியில் மாட்டுவாள். அவர் முகத்தைச் சுளித்து ஏதாவது முணுமுணுத்தால், 'குழந்தை நல்லா இருக்கான்னு கேக்குறாங்க' என்றாகும். மூக்கைப் பொத்தினால், 'அவங்களுக்குச் சளியாம்' என்றாகும். நானும் காஜாக்காரியும் தலையில் அடித்துக்கொள்வோம். எத்தனை தரம் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அது நாவல். கெட்ட பக்கத்தைக் குத்திவிட்டால் கதை நல்ல கதை.

இதற்கிடையில் காஜாக்காரி தன் கட்டடத்தில் ஓர் அறை இருப்பதாகச் சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. வாடகையும் தாங்கும். புதியவள் போய்ப் பார்த்தாள். வந்து, "வேண்டாங்கா. வேற ஒரு நல்ல எடம் மனசுல வச்சிருக்கேன். அமையட்டும், அப்புறம் சொல்றேன்" என்று சிரித்தாள். எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. அந்த அறைக்கு இரண்டொரு நாளில் வேறு ஆள் வந்துவிட்டது.

அவள் மனசில் வைத்திருந்தது கோட்டு அம்மாவின் மாடி அறை. ஜன்னலில் வாடகைப் பலகை தொங்குவதைக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வழியில் தினமும் பார்த்திருக்கிறாள். அவ்வளவு அன்பான அம்மா, நம் கைவேலையைப் பிடித்திருக்கிறது, குழந்தையை விசாரிக்கிறார். நமக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்?

ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குத் தலைவாரி, இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டு, தானே ஓரத்தில் பூவேலை செய்த மேசை விரிப்பு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். கோக்க முடியவில்லை. குழந்தைக்குப் பள்ளி இல்லையோ என்னவோ, அதுவும் கூட வந்திருந்தது. நான்தான் நூலை வாங்கினேன். வாங்கும்போதே கொட்டிவிட்டாள், என்னிடம் அல்ல, துணியிடம் சொல்லுவது போல.

"கதவைத் திறந்தாங்க. என்னைப் பாத்ததும் கத்த ஆரம்பிச்சாங்க. என்ன சொல்றாங்கன்னு புரியல, நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன். விரிப்பை நீட்டினேன். வாங்கினாங்க. வாங்கி வெளிப்படியில போட்டாங்க. அப்பவும் நான், கை தவறிடுச்சு போலன்னு நெனச்சு எடுத்து மறுபடி குடுத்தேன். காலால தள்ளினாங்க. எதிர்வீட்டுல ரெண்டு பேரு நின்னு சிரிச்சாங்க. அப்பத்தான் எனக்கு..."

குழந்தை அவள் சட்டையை இழுத்து, கிசுகிசுவென்று, "நான்தான் எடுத்துட்டு வந்தேன். அழுக்கு ஆகலை" என்றது.

காஜாக்காரி மெஷினை நிறுத்திவிட்டாள். நான் குண்டூசியைப் பார்த்தேன். சத்தியமாக, அன்றைக்கு அவளை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் புதியவளே அவளைப் பார்த்துத் திரும்பினாள். கத்தவில்லை.

"முன்னாடியெல்லாம் அவங்க என்னக்கா சொன்னாங்க? கோட்டை மோந்து பாத்தாங்களே, அன்னிக்கு?"

குண்டூசியின் கை மணிக்கட்டுக்குப் போயிற்று.

"வாயில ஊசிய வைக்காதீங்க. சொல்லுங்க."

"உன் கை படக்கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள் குண்டூசி. படிக்கும்போது வருகிற குரல் எங்கே போயிற்றோ, கம்மிப்போய் வந்தது. "எதுக்கும்மா உனக்குன்னு... நீ சிரிச்சியேன்னு..."

"தெரிஞ்சிருந்தா அந்தப் படிக்கட்டு ரூமுக்குப் போயிருப்பேன்ல? தலை இடிச்சா இடிச்சுட்டுப் போவுது. என் புள்ள சத்தமாப் பேசியிருக்கும்ல?"

நீராவிப் பெட்டி உஸ்ஸென்று ஒரு தரம் மூச்சு விட்டது.

"என் வீட்டுக்கு வந்துரு" என்றாள் குண்டூசி. "பையனோட ரூமு சும்மாத்தான் கெடக்கு. பழைய துணி மூட்டை இருக்கு, அதைத் தூக்கி நடையில போட்டுரலாம். தாப்பாளு இருக்கு. உள்பக்கம்."

அந்த அறையை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. அவளுடைய சொந்த நாத்தனார் மகன் கேட்டபோதுகூட, கூரை ஒழுகுகிறது என்று பொய் சொன்னவள்.

"வர்றேன்" என்றாள் புதியவள். நன்றி சொல்லவில்லை. மேசை ஓரத்தில் கிடந்த லாரி நாவலை, எங்களோடு உட்கார்ந்து அவளும் கேட்ட கதையை, இழுத்து நடுவில் வைத்தாள். நூலகத்தில் திருப்பிக் கொடுப்பதற்காக அன்றைக்கு எடுத்துவந்தது. ஊசிகள் இன்னும் எடுக்கப்படவில்லை. "ஆனா மொதல்ல இதைப் பிரிச்சுப் படிங்க. அந்த நாலாவது ஆளு எங்க போனாரு?"

"அது வேணாம்மா. இன்னொரு நாளு."

"இன்னிக்கு."

"புள்ள இருக்கு."

"புள்ளதான் விரிப்பை எடுத்துச்சு."

காஜாக்காரி எழுந்து வந்து மேசை அருகே உட்கார்ந்தாள்.

குண்டூசி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மேல் ஊசியை உருவினாள், நடு ஊசியை உருவினாள், கீழ் ஊசியையும் உருவினாள். எடுத்த ஊசியை மெத்தையில் குத்துவதுதான் அவள் வழக்கம். அன்றைக்கு மூன்றையும் உதட்டில் கடித்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையாலும் பக்கத்தின் மடிப்பை நீவிவிட்டு, புத்தகத்தைப் புதியவளின் முன்னால் தள்ளி, முதல் வரியில் விரலை வைத்தாள்.